சவரியப்பன் ஹாரன் அடிக்காத மாதங்கள்

குருபோங் என்ற எங்கள் ஊரின் வரிசை வீடுகளில் காலை ஏழே முக்காலுக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பத்து பெரண்டாம் என்ற பக்கத்து ஊர்த் தொழிற்சாலைகளில் காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வரும் சவரியப்பன், தெருமுனையில் பஸ்ஸைத் திருப்பும்போதே மூன்று முறை ஹாரன் அடிப்பார். மனைவி பிரிஜிட் அடுப்பில் தேத்தண்ணி வைக்க அதுதான் அடையாளம். நான் பக்கத்து வீடு. எனக்கு எழுந்திருக்க அதுதான் அலாரம்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஹாரனுக்கு இன்னொரு சொந்தக்காரன் வந்து சேர்ந்தான். பெயர் கோப்பி-ஓ. பால் விடாத கோப்பியின் கறுப்பு. தொழிற்சாலை வாசலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவனைத் தூக்கிவந்து தேற்றியவள், சவரியப்பன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் ஸ்டெஃபனி. தெருநாய்களை எடுத்து வளர்த்து வீடு தேடிக் கொடுப்பது அவள் வழக்கம். சவரியப்பன் கேட்டது காவலுக்கு ஒரு நாய். கிடைத்தது, ஹாரன் கேட்டதும் கேட்டைத் தாண்டிக் குதித்து, பஸ் படியிலிருந்து வீட்டுப் படி வரை அவரைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு பைத்தியம்.

கொடுக்கும்போதே ஸ்டெஃபனி ஒரு காகிதத்தை நீட்டினாள். "ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு அங்கிள். இதயப்புழு இல்ல. ஆனா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும்."

"இல்லன்னு இங்கயே எழுதியிருக்கே. அப்புறம் எதுக்கு லா மறுபடியும் குத்தணும்?"

"கொசு கடிச்சு வர்றது அங்கிள். புழு வளந்து டெஸ்ட்ல தெரிய ஆறு மாசம் ஆகும். உங்க பஸ்ஸ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கிங் கொண்டு போறீங்கதானே? போன தடவை பாஸுன்னு இந்தத் தடவை விட்டுடுவீங்களா?"

பஸ்ஸை இழுத்துப் பேசியதும் சவரியப்பன் தலையாட்டினார். பஸ்ஸின் பெர்மிட்டோடு அந்தக் காகிதத்தையும் சேர்த்து வைத்தார். ஆறாம் மாதம் பஸ்ஸைச் சோதனைக்குக் கொண்டுபோன அதே வாரம் கோப்பி-ஓவையும் கிளினிக்குக் கொண்டுபோனார். பஸ் தேறியது. நாய் தேறவில்லை.

அன்று மாலை, டாக்டர் கொடுத்த ஆங்கிலத் தாளோடு என்னிடம் வந்தார். "தம்பி, நீ யூனிவர்சிட்டி படிச்சவன். இதப் படி. நல்லது எழுதியிருந்தா மெதுவா படி. கெட்டதுன்னா சீக்கிரம் படிச்சு முடி."

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் படிப்பு ஒரு நாயின் நெஞ்சுக்குள் போகும் என்று நினைத்ததில்லை. நான் பிறந்த எஸ்டேட்டில் நாய்க்கு ரத்தப் பரிசோதனை என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். படித்துச் சொன்னேன். முதலில் ஒரு மாதம் மாத்திரை. அடுத்த மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு முதுகுத் தசையில் ஒரு ஊசி. அதற்கு ஒரு மாதம் கழித்து, அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊசி. ஊசி புழுவைக் கொல்லும். செத்த புழு துண்டு துண்டாகி ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். அந்தச் சமயத்தில் நாய் ஓடினாலோ குதித்தாலோ துண்டுகள் போய் அடைத்துக்கொள்ளும். உயிரே போகலாம். ஆகவே கூண்டு. ஒன்றுக்குப் போகக்கூடக் கயிறு பிடித்துத்தான்.

"சும்மா இருக்கணும், அவ்வளவுதானே?" என்றார். "நம்ம பார்த்துக்கலாம். அவனால முடியுமாங்கறதுதான் தெரியல."

முடியாமல் போனது அவரால்தான்.

முதல் ஊசி போட்டு ஐந்தாம் நாள். நல்ல மழை. தெருமுனையில் பஸ்ஸைத் திருப்பினார், முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் மூன்று முறை அழுத்திவிட்டது. உள்ளே கோப்பி-ஓ கூண்டுக்குள் துள்ளி எழும்பிக் கம்பியில் மோதினான். அப்புறம் இருமல். பிரிஜிட் ஆண்ட்டியின் சத்தம் கேட்டு நான் ஓடியபோது, நாய் கழுத்தை நீட்டி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சவரியப்பன் நனைந்த சட்டையோடு அப்படியே அவனைத் தூக்கிக்கொண்டு என் காரில் ஏறினார்.

கிளினிக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். காய்ச்சல் இருந்தது, ரத்தம் கக்கவில்லை. ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை தப்பிச்சிட்டான்" என்று டாக்டர் அனுப்பினார். திரும்பும் வழியெல்லாம் சவரியப்பன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "நான் அடிக்கல தம்பி. இதுதான் அடிச்சுச்சு."

மறுநாளிலிருந்து பஸ் எங்கள் தெருவுக்கு வரவில்லை. பின்தெரு முனையில், ஹனிபா பாய் மளிகைக்கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நின்றது.

"என்ன அண்ணே, வீட்டுல சண்டையா? பஸ்ஸ இங்க ஒளிச்சு வைக்கிறீங்க?"

"நாய்க்கு முடியல பாய். நான் வர்றது அதுக்குத் தெரியக்கூடாது."

"பொண்டாட்டிக்குத் தெரியாம வீட்டுக்குப் போறவன பாத்திருக்கேன். நாய்க்குத் தெரியாம போறவர இன்னிக்குத்தான் லா பாக்குறேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்சந்து வழியாக, சமையலறைக் கதவை ஓசைப்படாமல் தள்ளி நுழைவார். மேசையில் தேத்தண்ணி ஆவி பறக்க இருக்கும். முதல் நாள் அவருக்கே ஆச்சரியம்.

"ஹாரன் இல்லாம எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பது வருசமா உங்களுக்குத்தானே போடுறேன்" என்றார் பிரிஜிட்.

அந்தப் பதிலில் அவருக்கு ஒரே பெருமை. ஹனிபா பாயிடமும் சொன்னார், என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மற்ற இரண்டு ஊசியும் போட்டாயிற்று. மேலும் ஏழெட்டு வாரம் கூண்டு. அதற்குப் பிறகு மெல்ல நடக்க விடலாம், பழையபடி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் சவரியப்பன் கேட்கவில்லை. கடைசி டெஸ்டுக்கு ஊசி முடிந்து ஒன்பது மாதம் ஆக வேண்டும். "பேப்பர் கையில வரட்டும்" என்று தினமும் பின்சந்திலேயே வந்துபோனார்.

போன வியாழக்கிழமை அந்தப் பேப்பர் வந்தது. ஸ்டெஃபனியும் வந்திருந்தாள். சின்ன அட்டையில் ரத்தச் சொட்டு விட்டார்கள். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் புழு இருக்கிறது. பத்து நிமிடம். சவரியப்பன் சிலுவை போட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார்.

"தம்பி, நீ பாரு. எத்தனை?"

"ஒண்ணுதான் அங்கிள்."

"கண்ணாடி போட்டுப் பாரு லா."

"போட்டுத்தான் இருக்கேன். ஒண்ணேதான்."

சுவரில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோப்பி-ஓ போய் அவர் முகத்தை நக்கினான். "எந்திரிங்க அங்கிள், அவன் நல்லாத்தான் இருக்கான், நீங்கதான் விழுந்துட்டீங்க" என்று ஸ்டெஃபனி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை ஏழே முக்கால். மூன்று ஹாரன். நான் படுக்கையிலிருந்து குதித்து ஜன்னலுக்குப் போனேன். கோப்பி-ஓ கேட்டைத் தாண்டிவிட்டான். பஸ் படிக்கும் வீட்டுப் படிக்கும் நடுவே அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் "ஓடு லா, ஓடு" என்று கத்தினார். கடைசியில் மூச்சு வாங்கி வாசலில் உட்கார்ந்தது அவர்தான்.

"பிரிஜிட், தேத்தண்ணி எங்க?"

"இன்னும் போடல" என்றது உள்ளேயிருந்து குரல். "சொல்லாம கொள்ளாம நேரா வந்து நின்னா எப்படி?"

"மூணு தடவை அடிச்சேனே! இத்தனை மாசமா அடிக்காமலே போட்டே?"

பிரிஜிட் ஆண்ட்டி கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "நீங்க ஹனிபா பாய் கடையில எஞ்சின் ஆப் பண்ணுறப்பவே இவன் காதத் தூக்குவான். எந்திரிக்க மாட்டான். வால மட்டும் தரையில தட்டிக்கிட்டே படுத்திருப்பான். அதக் கேட்டுத்தான் நான் அடுப்பப் பத்த வைப்பேன்."

சவரியப்பன் நாயைப் பார்த்தார். நாய் நாக்கைத் தொங்கவிட்டு அவரைப் பார்த்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா பஸ்ஸ ஏர்போர்ட்ல கொண்டுபோய் நிறுத்தியிருப்பீங்க" என்றபடி பிரிஜிட் ஆண்ட்டி உள்ளே போனார்.