நைனாவின் எதிர்காற்று

இல்லை, இந்த ஞாயிறும் பொன்னேரி போய்ச் சேரவில்லை. பாலத்தோடு சரி.

கடலுக்குப் போவதை விட்ட பிறகு நைனாவுக்கு கியர் சைக்கிள்தான் எல்லாம். நானும் கூடவே ஓட்டுகிறேன். இன்று பழவேற்காடு பாலத்தில் ஏறும்போது பாதியிலேயே இறங்கிவிட்டார். கை முழங்காலைப் பிடித்திருந்தது.

"இன்னா நைனா, முட்டி வலிக்குதா?"

"முட்டிக்கு இன்னா? எதிர்காத்து. மூஞ்சிலயே அடிக்குது பாரு."

கீழே நின்ற படகுகளின் கொடிகள் எல்லாம் நாங்கள் போகும் திசையில்தான் பறந்தன. காற்று எங்கள் முதுகில்.

"பின்னால இருந்துதான அடிக்குது?"

"காத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

வாழ்நாளெல்லாம் காற்றைப் பார்த்துப் படகு விட்டவர். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போகலாம். காற்றுக்கு யாரிடம் போவது?

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். இப்போது காற்று உண்மையிலேயே முகத்தில் அடித்தது.

"சொன்னேன்ல," என்றார், நொண்டிக்கொண்டே.

எங்கள் வீட்டில் பழியெல்லாம் காற்றின்மேல். உங்கள் வீட்டில் பழி எதன்மேல் விழுகிறது, சொல்லுங்கள்.

எனக்கு முட்டி வலி என்று சொல்லி, நாளைக்கு டாக்டரிடம் என் பெயரில் டோக்கன் போட்டுவிட்டேன். துணைக்கு நைனா வருகிறார்.