சிங்கப்பூர் மணி பன்னிரண்டு

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை இல்லாமல்தான் வந்தார்கள். அவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். "ஞாயித்துக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்குப் பையன் போன்ல பேசுவான். அவன் இருக்கிற ஊரு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, அவருடைய அப்பா கம்பத்துக்கு பஸ் ஏறினார்.

சின்னமனூரில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூர் மணி என்றால் என்ன என்பதில் பெரும் குழப்பம். "இருக்கிறது ஒரு சூரியன். அங்கன பன்னெண்டுன்னா இங்கனயும் பன்னெண்டுதான?" என்றார் பெரியப்பா. "இல்லண்ணே, அவுக நமக்கு முந்தியே எந்திரிக்கிறாக" என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் வகுப்பில் அந்த வாரம்தான் தீர்க்கக்கோடுகள் நடத்தியிருந்தார்கள். அட்லஸைப் புரட்டி, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது என்று அறிவித்தேன். பன்னிரண்டோடு இரண்டரையைக் கூட்டினேன். மத்தியானம் இரண்டரை!

அத்தை கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தவள். அப்பா என் நோட்டை அவளிடம் நீட்டி, "நீ ஒரு தடவ பாருத்தா" என்றார். அவள் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரியாத்தான் போட்டிருக்கா" என்றாள். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

யார் என்ன பேசுவது என்பதையும் அப்பாவே தீர்மானித்தார். முதலில் அவர், பிறகு பெரியப்பா, கடைசியில் அத்தை. "நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு எங்கிட்டக் குடுத்துரு. மத்ததை நாங்க பேசிக்கிறோம்."

ஞாயிறு காலை எல்லோரும் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். லாரி வரும் நாள்; ஆனாலும் இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம். அத்தை தலைவலி என்று படுத்துக்கொண்டாள். துணைக்கு நான். ஒன்பதேகால் இருக்கும், தலைவலிக்காரி எழுந்து முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு, கொத்தமல்லித் தழை வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினாள். பக்கத்துக் கடையில் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை அலைந்துவிட்டுத் திரும்பினால், போனைக் காதோடு அணைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரலைத் தணித்தாளே தவிர, வைக்க இன்னும் பத்து நிமிடம் ஆனது.

"யாரு அத்தை?"

"ராங் நம்பருடி."

மத்தியானம் இரண்டு மணிக்கே வெள்ளை வேட்டிகள் போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. பேச்சு சிங்கப்பூர் வரைக்கும் கேட்க வேண்டுமே என்று பெரியப்பா தொண்டையைச் செருமிப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டரை ஆனது. மூன்றும் ஆனது. ஒருமுறை மணி அடித்தது. அது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லி வந்த போன். நான்கு மணிக்கு அப்பா பொறுமை இழந்தார்.

"சொன்ன நேரத்துக்குப் பேசத் தெரியாதவன் எப்பிடிக் குடும்பம் நடத்துவான்? இந்தச் சம்பந்தமே வேணாம்!"

கம்பத்துக்கு நம்பரைச் சுழற்றினார். அத்தையின் முகம் வெளுத்துப்போனது.

அப்பாவால் அரை நிமிடம்தான் கத்த முடிந்தது. அதற்குப் பிறகு, "ஓ... அப்பிடியா... காலையிலயா?" என்று குரல் இறங்கிக்கொண்டே போனது. ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "மாப்ள ஒம்பதரைக்கே பேசிட்டாகளாம். முக்கா மணி நேரம். இவ மேல படிக்கணும்னு கேட்டாளாம், அவுகளும் சரின்னுட்டாகளாம். ரொம்பப் பிடிச்சிருக்காம்." பிறகு அத்தையிடம் திரும்பி, "ஏத்தா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?" என்றார்.

"நீங்க கேக்கலையேண்ணே."

நல்ல சேதி வந்த வீட்டில் கல்யாணப் பெண்ணைத் திட்ட முடியாது. ஆனால் யாரையாவது திட்டியாக வேண்டும். "ரெண்டரைன்னு சொன்னது யாரு?" என்றார் பெரியப்பா. அம்மா என் உச்சந்தலையில் நறுக்கென்று குட்டினாள். "கூட்டுறதா கழிக்கிறதான்னுகூடத் தெரியாம என்னத்தடி படிக்கிற?"

சாயங்காலம் அத்தை என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்ததும் கேட்காமலே இன்னொன்றும் வந்தது. கணக்கில் தோற்ற பிள்ளைக்கு ஆறுதல் என்றுதான் நினைத்தேன். கண் கலங்க, "இனிமே கழித்தலை ஒழுங்காப் படிக்கிறேன் அத்தை" என்று அவள் கையிலடித்துச் சத்தியம் செய்தேன்.

தன் ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டிருந்த அவளுக்குப் புரையேறியது.