நாக்கில் வேல் குத்தாத தைப்பூசம்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பால்குடக் குழுவில், வருசா வருசம் நாக்கில் வேல் குத்திக்கொண்டு பத்துமலை முருகன் கோயில் படிகளில் ஏறுகிறவள் நான்தான்.

போன வருசம் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியது. ரத்தத்தை உறைய வைக்கிற ஆன்டிபாடியை என் உடம்பே உண்டாக்குவதாகப் பரிசோதனையில் தெரிந்தது. சில மாதம் கழித்து மறுபடி எடுத்த ரத்தத்திலும் அதே முடிவு. "மாரடைப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்து உங்களுக்கு அதிகம். ரத்தம் உறையாம இருக்க நான் குடுக்கிற மாத்திரைய நிறுத்தவே கூடாது. வேல் குத்தினா ரத்தம் லேசுல நிக்காது" என்று, நான் வேல் குத்துவதைக் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்.

இந்த வருசத் தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில், எங்களுக்கு வேல் குத்திவிடுகிற அண்ணன் என்னைக் கூப்பிட்டார். விரதத்தில் ஏதோ குறை என்று நினைப்பார்களோ எனக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும், உறுமி மேளச் சத்தத்தை மீறிச் சத்தமாகவே சொன்னேன். "இந்த வருசம் குத்தல அண்ணே. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். குத்தினா ஆபத்து."

எனக்குப் பின்னால் அலகு குத்த நின்றவர் முகம் மாறியது.

"அக்கா, நானும் அந்த மாதிரி மாத்திரைதான். ஹார்ட்டுக்கு. அலகு குத்துறத டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல."

"அப்ப வேணாம்லா" என்று அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் ஒரு பால்குடத்தைக் கொடுத்தார். பிறகு வரிசையில் ஒவ்வொருவரிடமும், "மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அத்தனை வருசமும் நாக்கில் வேலோடு, வாய் பேசாமல்தான் அந்தப் படிகளை ஏறியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பெருமை, வாய் திறந்து பேசிய இந்த ஒரு வருசம்தான்.