கொலு பார்க்குக்கு ஒரு வாளி மண்

நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, நல்ல மண் தேடிச் சென்னைக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, திரும்பவும் வீடு. மொத்தம் பதினாறு கிலோமீட்டர்தான். மலை, அருவி என்று ஆசையோடு இந்தப் பயணப் பதிவுக்கு வந்தவர்கள் மன்னிக்கவும்.

காரணம் என் மகன் கவின். இரண்டரை வயது. கொஞ்சம் அசந்தால் மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். சோகையாக இருக்கிறானே என்று ரத்தம் பார்த்ததில் காரீயம் கலந்திருப்பது தெரிந்தது. “பயப்படாதீங்க, மண்ணைத் தின்ன விடாதீங்க, மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்” என்றார் டாக்டர். அந்தக் காலத்துப் பெட்ரோல் புகையிலும் உதிர்ந்த பெயின்ட்டிலும் இருந்த காரீயம் சாலையோர மண்ணிலேயே தங்கிவிடுமாம்.

எங்கள் வாசலில், பேருந்து போகும் சாலையை ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்கு மண் தரை. அவன் விளையாடுவது அங்கேதான். கொலுவில் பார்க் அமைத்துக் கேழ்வரகு முளைக்கவிட வருடா வருடம் மண் எடுப்பதும் அங்கேதான். இந்த வருடம் விதை தூவுவது அவன் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். “பார்க்கே வேண்டாம்” என்றார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை.

அடையாறில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தோழி ரெஜினா, “மேல் மண்ணை மட்டும் கொண்டு வா, மெஷின்ல பார்த்துடலாம்” என்றாள். காலை ஏழு மணிக்கு வாசல் மண்ணைக் கரண்டியால் சுரண்டிக் கவரில் போட்டுக்கொண்டு, கவினைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். மகளிருக்கு இலவசம், செலவு சைபர். தி. நகர் ஐந்து கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த ஊர் நெரிசலைப் பற்றிப் பேசினால் பதிவு முடியாது.

அங்கே என் நாத்தனார் செல்வி வீடு. திருநெல்வேலியிலிருந்து ஜவுளிக்கடை வைக்க வந்த குடும்பம். அவளுக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது, வாசலில் சாலையோரத் தோட்டமும் இருக்கிறது. அந்த மண்ணையும் பார்த்துவிடலாம் என்று இரண்டு நாள் முன்பே போனில் சொல்லியிருந்தேன். போனால் தோட்டத்தைச் சுற்றிக் கோலமே போட்டு வைத்திருந்தாள். நாலு இட்லி தின்ற பிறகுதான் மண்ணில் கைவைக்கவிட்டாள்.

அங்கிருந்து அடையாறு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 160 ரூபாய். ரெஜினா மண்ணை உலர்த்திச் சலித்து, துப்பாக்கி போன்ற ஒரு கருவியை அதன்மேல் வைத்தாள். எங்கள் வாசல் மண் மோசம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தி. நகர் மண் சுத்தம்! நாள் முழுக்க வண்டி ஓடும் தெருவில் அதெப்படி? எனக்கு வந்த எரிச்சலில் உடனே செல்வியைக் கூப்பிட்டேன்.

“என்ன அண்ணி, மண்ணைச் சோதிக்கணும்னு சொன்னிய. அழுக்கா குடுத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாவ? அடையார் நர்சரில சொல்லி ஆறு மூட்டை புது மண்ணு பரப்பிட்டேன்லா!”

தலையில் அடித்துக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்த ரெஜினா சட்டென்று நிறுத்தினாள். “இரு. அவங்க தெரியாமலே சரியான வைத்தியம்தான் பண்ணியிருக்காங்க. பழைய மண் கீழேதான் இருக்கு. ஆனா குழந்தை கை படுறது மேல் மண்ணுலதானே?”

நேராக அதே நர்சரிக்குப் போனேன். பத்து மூட்டை, 600 ரூபாய். வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மூட்டைகளையும் சேர்த்து ஆட்டோ 250.

“இன்னாக்கா, மண்ணைப் போய் துட்டு குடுத்து வாங்கிக்கினு போற? எங்க ஏரியால சும்மாவே கீது” என்றார் டிரைவர். விஷயத்தைச் சொன்னேன். சிக்னலில் திரும்பிப் பார்த்தார். “என் பொண்ணும் ரோட்டோரம்தான்கா வெளையாடிக்கினு கீது. மூட்டை இன்னா வெல?”

அன்று சாயங்காலமே வாசலில் ஒரு சாண் கனத்துக்குப் புது மண் பரப்பி, மேலே புல் பதித்தோம். ஒரு வாளி மண் கொலுவுக்குப் போனது. கவின்தான் விதைத்தான். பாதி தரையில்.

நீங்களும் செய்வதாக இருந்தால், வாங்கும் மண்ணையும் சோதித்துவிடுங்கள். புல் போடாமல் வெறும் மண்ணாக விட்டால் சாலைத் தூசி திரும்பப் படியும். கீரையைத் தொட்டியில் வையுங்கள். குழந்தை உள்ளே வந்ததும் கை கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் இதற்கு ஒரு போர் நடக்கிறது. முக்கியமாக, சோதிக்கப் போகும் வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்யாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தோம். காரீயம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன். முதல் போன் செல்விக்குத்தான். அவளும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள்:

“அப்போ அடுத்து எதைச் சோதிக்க வாறிய அண்ணி? முன்னாடியே சொல்லிருங்க, கழுவி வைக்கேன்.”