தவளக்குப்பத்தில் போனை எடுத்தது யார்?

எங்கள் பாத்திரக் கம்பெனியின் முத்தியால்பேட்டை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஃபாபிரிஸ் தலையில்தான். சாயங்காலமானால் இங்குள்ள ரூட்டர் தவளக்குப்பம் கிளைக்கு போன் போடும். அங்குள்ள மோடம் எடுத்தால் சரக்கு விவரம் வந்து சேரும். எடுத்தால்தானே! செட்டிங்கை மாற்றி மாற்றிச் சலித்துப்போய், ஃபாபிரிஸ் நேரிலேயே கிளம்பிப் போனான். சாயங்காலம் போன் மணி அடித்ததும் கிளை மேனேஜர் நிர்மலாதேவி பாய்ந்து எடுத்தார்.

"மேடம், நீங்க ஏன் எடுக்கறீங்க?"

"கூப்புடறவங்கள காக்க வைக்கலாமா தம்பி? பாவம், யாரோ தெனம் கீச்கீச்னு கத்தறாங்க. நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டுதான் வைக்கறேன்."

"இனிமே சாயங்காலம் போனைத் தொடாதீங்க!" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் சாயங்காலம் லைன் கிடைத்து, விவரமெல்லாம் வந்து விழுந்தது. நன்றி சொல்ல உடனே மேடத்துக்கு போன் போட்டான். மோடம் எடுத்து, காது கிழியக் கத்தியது. சட்டென்று வைக்க மனசு வராமல், "மெர்சி மேடம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.