வராதவர்களின் கோடு

வேலம்பாளையத்தில் நித்யஸ்ரீயிடம் வாதாடப் போகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது. பெண் பார்க்க வந்தவர்களிடமே, "கோயமுத்தூர்ல புள்ளியியல் படிச்சுட்டு மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போக நான் என்ன பைத்தியமுங்களா?" என்று கேட்டவள். மாப்பிள்ளை சதீஷ்குமாரே பனியன் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரும் சிரித்துக்கொண்டே தாலி கட்டிவிட்டார்.

பனியன் கம்பெனி முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் இலவச நெஞ்சுநோய் கிளினிக்கில் அவளுக்கு வேலை. பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைத்தவர்கள் மாலையில் வந்து ஒரு குழாயில் ஊதுவார்கள். முள் எதுவரை ஏறுகிறது என்று நர்ஸ் பிரிசில்லா குறித்துக்கொள்வார். மருந்து வேலை செய்கிறதா என்று அந்த ரீடிங்குகளிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது நித்யஸ்ரீயின் பொறுப்பு.

ஒரு நாள் டாக்டர் தரணீதரன் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். வெளியாள் ஒருவர் போட்டுக் கொடுத்த அட்டவணை மேஜையில் கிடந்தது. மாதத்துக்கு ஒரு கட்டம், அந்த மாதம் வந்தவர்களின் சராசரி, வராதவர்களுக்குப் பழைய ரீடிங்கே மறுபடியும். அதன்படி நோயாளிகள் யாரும் தேறியதாகத் தெரியவில்லை.

"பிரயோஜனமில்லீன்னா கிளினிக்க மூடிரலாம்னு மொதலாளி தங்கதுரை ஐயா சொல்றாருங்க," என்றார்.

நித்யஸ்ரீக்குச் சுர்ரென்று வந்தது. "நம்மாளுக எப்ப வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா டாக்டர்? ஷிப்மெண்ட் இருந்தா ஓவர்டைம். நெஞ்சு நல்லா இருந்தா இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாங்க. இழுக்கறப்பத்தான் ஓடி வருவாங்க. அன்னிக்குப் பாத்து ஊதச் சொன்னா முள்ளு எப்படிங்க ஏறும்?"

கட்டங்களைத் தூக்கிப் போட்டாள். ஒவ்வொருவருக்கும் அவர் வந்த தேதிகளை வைத்தே தனிக் கோடு வரைந்தாள். ஒருவர் வாராவாரம் வரலாம், இன்னொருவர் தீபாவளிக்கு வந்துவிட்டுப் பொங்கலுக்குத் தலைகாட்டலாம். இந்த முறைக்கு இரண்டும் ஒன்றுதான். சில தடவையே ஊதியவரின் கோட்டை மற்றவர்களின் போக்கு தாங்கிப் பிடிக்கும். கலப்பு மாடல் என்பார்கள். ஆனால் ஒருவர் ஏன் வரவில்லை என்ற கேள்வி அதற்குள் அடங்காது. அதனால் ஊதிய அளவோடு வருகையையும் சேர்த்தே கணக்கிடும் இன்னொரு மாடலைத் தேர்ந்தாள். வராதவர்கள் பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தது சரிதானா என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிசில்லாவையும் குழாயையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தொழிலாளர் காலனிக்குக் கிளம்பிவிட்டாள்.

கோழிக்கடை வரிசையிலேயே வராதவர்களில் பாதிப் பேர் அகப்பட்டார்கள். நிட்டிங் மிஷின் ஓட்டும் சேக் தாவூது கையில் பையோடு நின்றபடியே ஊதினார். முள் சர்ரென்று ஏறியது. "நல்லா இருக்கேனுங்க, அப்புறம் எதுக்கு உங்க கிளினிக்கு?" என்றார். நித்யஸ்ரீ பிரிசில்லாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியாகத்தான் வேலாத்தாள் வீட்டுக்குப் போனார்கள். தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர். நித்யஸ்ரீயின் திரையில் அழகாக ஏறிக்கொண்டிருந்த கோடு அவருடையது. உள்ளே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா வரல?"

"அது... மொதலாளி கிளினிக்கு கண்ணு. முடியலைன்னு... தெரிஞ்சா... வேலைய விட்டு நிறுத்திப் போடுவாங்க."

கிளினிக் வாசலில் தங்கதுரை பெயரைப் போட்டு போர்டு மாட்டியிருப்பது நித்யஸ்ரீக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் அதன் கீழேதான் வண்டியை நிறுத்துகிறாள். தன் கோட்டின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆட்டோ பிடித்து வேலாத்தாளை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

மறுபடி கணக்குப் போட்டாள். இந்த முறை, வராதவர்களில் பலர் வேலாத்தாளைப் போல ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தாள். மருந்தின் பலன் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

முதலாளிகள் கூட்டத்தில் தங்கதுரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே வார்த்தையில சொல்லு கண்ணு. மூடலாமா, வேண்டாமா?"

"வேண்டாமுங்க. வராதவங்கள்ல பாதிப் பேரு மோசமா இருக்காங்கன்னு வெச்சுக்கிட்டாக்கூட மருந்து வேலை செய்யுதுங்க. ஆனா ரொம்ப முடியாதவங்க உங்க பேரைப் பாத்துட்டு வாசல்லயே திரும்பிப் போயிடறாங்க. உங்க கம்பெனி வேலாத்தாளக்கா அப்படித்தான் படுத்துக் கிடந்தாங்க."

டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டார். "போர்டக் கழட்டோணுமா?" என்றார் தங்கதுரை.

"பேரு இருக்கட்டுமுங்க. இங்க ஊதறது எதுவும் கம்பெனிக்குப் போகாது, யாரையும் நிறுத்த மாட்டோம்னு அதுக்குக் கீழ எழுதிப் போடுங்க. எழுதுனபடி நடந்துக்கோங்க."

கிளினிக் மூடப்படவில்லை. அந்த வரியும் பெரிய எழுத்தில் ஏறியது.

சில வாரம் கழித்து வேலாத்தாள் தானே நடந்து வந்தார். போர்டுக்குக் கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே வந்து ஊதினார். முள் அரைவாசிகூட ஏறவில்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இந்த ரீடிங்கச் சேத்துனா நம்ம சராசரி எறங்குமேங்க."

"எறங்கட்டுமுங்க," என்று நித்யஸ்ரீ நாற்காலியை வேலாத்தாள் பக்கம் இழுத்துப் போட்டாள்.