ஈர மண்ணில் மூன்று விரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் தெரு டீக்கடையில் விசாரிக்கலாம். அன்று நான் எந்தக் கோலத்தில் வந்து நின்றேன் என்பதை டீ மாஸ்டர் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் பாரி. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படிக்கிறேன். வகுப்பு வாட்ஸப் குரூப்பில் எல்லோரையும் கிண்டல் செய்து எழுதுவது என் சேவை. சம்பளம் கிடையாது, எதிரிகள் உண்டு. இந்தக் கதையை மட்டும் அங்கே போடவில்லை. காரணம் பேய் அல்ல.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு அப்போதுதான் மாறியிருந்தோம். அம்மா, நான், பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா வெண்பா, அவளுடைய கைக்குழந்தை. அம்மா தினமும் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி அக்காவுக்கு ஊற்றினாள். புகையைப் பார்த்துப் பதறிப்போன மாமா, அக்காவின் கணவர், ஒரு கேஸ் கீசர் வாங்கி அனுப்பிவிட்டார்.

மாட்ட வந்த கொளஞ்சிநாதன் பாத்ரூம் சுவரைப் பார்த்துவிட்டு டிரில்லிங் மெஷினைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"ஓட்ட ரெடியாவே இருக்குது தம்பி. அளவுகூட மாறல."

வீட்டு ஓனர் முன்யோசனை உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"மொதல்ல தண்ணிய ஓட வுடு. பைப்புல மண்ணு வரும். சல்லடையக் கழுவிட்டு அப்புறமா பத்த வை," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா வந்தாள்.

"பச்ச ஒடம்புக்காரி குளிக்கிற எடம். காத்து பட்டா ஜன்னி கண்டுடும். மேல இருக்குற ஓட்டைய அடைடா."

"அம்மா, உள்ள கேஸு எரியும்..."

"மொதல்ல அடை. அப்புறம் பாடம் நடத்து."

சூளைக்குக் காற்று வழி ஏன் தேவை என்ற கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். அடைத்தேன். கூரையை ஒட்டி நான்கு ஓட்டைகள் உள்ள ஜாலிக் கல் இருந்தது. லேபிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைக் களிமண்ணை உருட்டி நான்கையும் மூடினேன். ஓட்டைகளின் ஓரத்தில் காய்ந்துபோன வெள்ளை மண் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அதில் கீறல்கள். எலி என்று முடிவு செய்தேன்.

மாலை 6.40. அம்மா பிரசவ மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து அறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை தூளியில். நான் துண்டைக் கட்டிக்கொண்டு போனில் வீடியோவை ஓடவிட்டேன். தலைப்பு, 'கீசர் திறப்பு விழா.' என் பேச்சில் குழந்தை விழித்துவிடக் கூடாதென்று பாத்ரூம் கதவைச் சாத்தினேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே..."

முதலில் காவி நிறத்தில் தண்ணீர். பிறகு மணல். பிறகு போர் தண்ணீரின் உப்புச் செதில்கள். சல்லடையைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். தண்ணீர் தெளிந்தது. கேஸைத் திறந்தேன்.

டிக்... டிக்... டிக்... பக்.

நீலச் சுடர். வாளியில் ஆவி பறந்தது. வாளி நிரம்பியதும் இன்னொன்று வைத்தேன். பேச்சு நீண்டது.

6.58. சுடர் மஞ்சளாக மாறியிருந்தது. தலை கனத்தது. குழாயை மூடினேன். சுடர் அணைந்தது.

டிக்... டிக்... டிக்...

குழாய் மூடித்தான் இருந்தது.

கீசருக்கு அடியிலிருந்த, பொறி கொடுக்கும் இரண்டு பேட்டரிகளையும் உருவினேன். இரண்டும் என் உள்ளங்கையில்.

டிக்... டிக்... டிக்...

மேலே பார்த்தேன்.

ஈர மண்ணில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மெதுவாக... யாரோ விரலால் அழுத்துவது போல.

உள்ளேயிருந்து.

உள்ளே நான் மட்டும்தான்.

தொப்.

மண் வெளியே விழுந்தது. காற்று வந்தது.

என் காதருகே யாரோ மூச்சை இழுத்தார்கள்... நீளமாக...

கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினேன்.

தூளியைத் தாண்டித்தான் வாசல். தாண்டினேன்.

டீக்கடை. இடுப்பில் ஈரத் துண்டு. ஒரு கையில் போன், மறு கையில் பேட்டரிகள்.

"என்ன தம்பி, டீயா?"

"ஆமாங்க."

பேட்டரிகளை பெஞ்சில் வைத்துவிட்டு கிளாஸை வாங்கினேன். பாதி குடித்திருந்தபோது அம்மா மருந்துப் பையோடு வந்தாள். என் கோலத்தைப் பார்த்தாள்.

"அக்காவும் புள்ளையும் எங்கடா?"

கிளாஸைக் கீழே வைத்தேன். பையை அங்கேயே போட்டுவிட்டு அம்மா ஓடினாள். நான் பின்னால்.

எதிர்வீட்டு அம்சவல்லியின் வாசலில் அக்கா சரிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அழுதுகொண்டிருந்தது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

"நீதான அந்தக்காவ அனுப்புன?" என்றாள் அக்கா.

"எந்தக்கா?"

"ஈரத் தலையோட வந்தாங்களே. தல சுத்தி எனக்கு எழுந்துக்கவே முடியல. 'புள்ளைய தூக்கு, வெளிய போ'ன்னு கையப் புடிச்சி இழுத்தாங்க."

அவள் மணிக்கட்டில் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. மூன்று விரல் தடம். நடுவே ஒரு விரலுக்கான இடம் காலி.

அம்சவல்லி குனிந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள்.

"மதிவதனி," என்றாள்.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவள். களிமண் பட்டறையில் அச்சு மெஷின் ஒரு விரலை எடுத்துவிட்டது. பிறகு கல்யாணம், குழந்தை. அதே சுவரில் அதே மாதிரி கீசர். பெற்ற உடம்புக்குக் காற்று ஆகாது என்று அவள் புருஷன்தான் பட்டறை மண்ணால் ஓட்டைகளை அடைத்தான். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் வரும் விஷத்துக்கு வாசனை கிடையாது.

"கதவ ஒடச்சித் தூக்குனாங்க. நகமெல்லாம் வெள்ள மண்ணு," என்றாள் அம்சவல்லி. "ஓனரு சுண்ணாம்பு அடிச்சி உங்களுக்கு வுட்டுட்டாரு."

மறுநாள் கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டினோம். ஜாலிக் கல்லுக்குக் கீழே, சந்தில், என் களிமண் உருண்டை கிடந்தது. அதில் மூன்று பள்ளங்கள். அவள் அன்று தள்ளியபோது மண் காய்ந்திருந்தது. என்னுடையது ஈரம்.

வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. அதில் அவள் இல்லை. கடைசியில் படம் ஆடுகிறது, தூளி வருகிறது, கடந்து போகிறது. அந்த இடத்தில் ஒரு பெண் குரல்.

"தம்பி... புள்ள..."

இரண்டு தடவை.

அன்று அது உனக்குக் கேட்டதா என்று அக்கா கேட்டாள்.

கேட்கவில்லை என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.